தீபாவளி வீட்டுக்குள் வந்த வழி

ஐப்பசித் திங்கள், தேய்பிறைப் பதின்மூன்றாம் நாள் இரவு. நம் தெருவில் ஏதேனும் ஒரு வீட்டுக்குள் நுழைந்து பாருங்கள். சுவர்களுக்குப் புதிதாக வெள்ளை பூசப்பட்டிருக்கும். அடுப்பின் மேல் எண்ணெய்ச் சட்டி கொதித்துக்கொண்டிருக்கும். அதன் எதிரே அந்த வீட்டுத் தாய் நண்பகலிலிருந்து உட்கார்ந்திருப்பாள். முறுக்கு முடிந்தது; அதிரசம் பாதியில் நிற்கிறது. கூடத்தில் மனைப்பலகையின் மேல் புத்தாடைகள் அடுக்கப்பட்டிருக்கும், ஒவ்வொன்றின் மூலையிலும் மஞ்சள் தடவப்பட்டிருக்கும். வெந்நீர்த் தவலைக்குக்கூடக் குங்குமப் பொட்டு உண்டு. பகலெல்லாம் மாடியில் வெயில் காய்ந்த பட்டாசுப் பெட்டி, பிள்ளைகளின் கண் முன்னேயே இருக்கும்.

வெளியே திண்ணையில் குடும்பத் தலைவர் ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு கூட்டிப் பார்க்கிறார். ஜவுளிக் கடை, பலசரக்குக் கடை, பட்டாசுக் கடை, புது மருமகனுக்கு மோதிரம். கூட்டுத்தொகை வருவாயைத் தாண்டிப் போகிறது. காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறார். மடித்து வைத்ததால் கடன் மறைந்துவிடுமா என்ன!

விடுமுறைக்கு வீடு வந்திருக்கும் கல்லூரி மாணவன் கேட்கிறான்: "இவ்வளவும் எதற்காக, பாட்டி?"

பாட்டி சொல்லுகிறாள்: "தொன்றுதொட்டு நடக்கிறதடா, கண்ணு. இதையெல்லாம் கேள்வி கேட்கலாமா?"

தொன்றுதொட்டு! இந்த ஒரு சொல்லுக்கு எத்துணை வலிமை! ஆயிரம் கேள்விகளை அடக்கிவிடுகிறது. கடன் பத்திரத்தில் கையெழுத்தையும் வாங்கிக் கொடுக்கிறது. ஆனால் பாட்டியின் மேல் நமக்குக் கோபம் இல்லை. அவளுக்குச் சொல்லப்பட்டதை அவள் சொல்லுகிறாள். நாம் செய்ய வேண்டியது வேறு. அந்தச் சொல்லை எடுத்து வரலாற்றின் தராசிலே நிறுத்துப் பார்க்க வேண்டும். எது தொன்று? எதனைத் தொட்டு? எந்த நாளிலிருந்து? வீட்டிலே பரப்பி வைக்கப்பட்டிருக்கும் ஒவ்வொரு பொருளையும் கேட்டுப் பார்ப்போம். பொருள்கள் பொய் சொல்வதில்லை.

முதலில் பெயரைக் கேட்போம். தீபம், ஆவளி என்ற இரு சொற்கள் சேர்ந்தது தீபாவளி. விளக்குகளின் வரிசை என்பது பொருள். அப்படியானால் விளக்கு வரிசை எங்கே? தமிழ்நாட்டு வீட்டில் அன்று விடியற்காலை எண்ணெய் முழுக்கு உண்டு, புத்தாடை உண்டு, பலகாரம் உண்டு, பட்டாசு உண்டு. பெயரிலே இருக்கிற விளக்கு வரிசை மட்டும் நம் பழைய வழக்கத்தில் இல்லை. வாயிலிலும் திண்ணையிலும் மாடத்திலும் அகல் வரிசையாக ஏற்றி வைக்கிற நாள் தமிழருக்கு வேறு ஒன்று இருக்கிறது. அது கார்த்திகை. அகநானூறும் நற்றிணையும் அறிந்த விளக்கு விழா அது. ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுக் காலமாக நம் வீட்டு வாயிலில் எரிந்துவரும் விளக்கு அது. விளக்கேற்ற நமக்கு ஏற்கெனவே ஒரு நாள் இருந்தது. அதனால்தான் விளக்கின் பெயர் தாங்கி வந்த இன்னொரு விழா, விளக்கை வெளியே வைத்துவிட்டு எண்ணெய்க் கிண்ணத்தோடு மட்டும் வீட்டுக்குள் நுழைந்தது போலும். பெயர் ஒன்று, நடப்பு ஒன்று என்று இருக்குமானால் பொருள் வெளியூரிலிருந்து வந்தது என்று ஐயுறுவது அறிவுடைமை.

ஐயம் மட்டும் போதாது, சான்று வேண்டும் என்பீர்கள். வேண்டியதுதான். பழந்தமிழ் இலக்கியத்தைப் புரட்டுவோம். சங்கப் பாடல்களில் கார்த்திகை விளக்கு உண்டு, ஓணம் உண்டு, தைந்நீராடல் உண்டு. சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்து இந்திர விழா விரிவாக உண்டு. தீபாவளி இல்லை. "அவையெல்லாம் சமயச் சார்பு குறைந்த நூல்கள், பக்தி நூல்களில் இருக்கும்" என்று ஒருவர் எழுந்து நிற்கலாம். சரி, பக்தி நூலுக்கே போவோம்.

கி.பி. 7 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர் திருஞானசம்பந்தர். மயிலாப்பூரிலே அவர் பாடியது பூம்பாவைத் திருப்பதிகம். இறந்துபோன பெண்ணைப் பெயர் சொல்லி அழைத்து, இன்னின்ன விழாக்களையெல்லாம் காணாமலே போய்விடுவாயோ என்று கேட்கிற பதிகம் அது. ஆகவே அது விழாக்களின் பட்டியலாகவே அமைந்துவிட்டது. ஐப்பசி ஓணம் வருகிறது. கார்த்திகை விளக்கீடு வருகிறது. மார்கழித் திருவாதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் எல்லாம் திங்கள் வரிசையில் வருகின்றன. கவனியுங்கள் தோழர்களே! ஐப்பசித் திங்களை அவர் மறக்கவில்லை. ஐப்பசியிலே அவர் கண்ட விழா ஓணம். தீபாவளி என்ற பேச்சே இல்லை. சைவத்தின் மாபெரும் பாடகர், ஆண்டு முழுவதும் நடக்கும் திருவிழாக்களைச் சொல்லிக்கொண்டே வருகிறவர், அந்தத் திங்களின் பெரிய விழாவை மட்டும் மறந்திருப்பாரா?

ஒரு நூலில் ஒன்று சொல்லப்படவில்லை என்பதாலேயே அது இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் நூல்கள் பல, நூற்றாண்டுகள் பல. சொல்லியிருக்க வேண்டிய இடங்களும் பல. எல்லா இடத்திலும் ஒரே மௌனம் என்றால் அந்த மௌனமும் ஒரு சாட்சிதான்.

இங்கே மௌனம் என்றால், வேறு எங்கே பேச்சு? வடக்கு நோக்கிச் செல்வோம். சமணரின் கல்பசூத்திரம், மகாவீரர் பாவாபுரியில் வீடுபேறு அடைந்த செய்தியைக் கூறுகிறது. அந்த ஆண்டு கி.மு. 527 என்பது சமணர் மரபு. அறிவொளி மறைந்துவிட்டது, அதற்கு ஈடாக விளக்கொளியேனும் ஏற்றுவோம் என்று மன்னர்கள் அமாவாசை இரவில் விளக்கு வைத்தார்கள் என்பது அந்நூலின் கூற்று. கி.பி. 783 இல் எழுதி முடிக்கப்பட்ட ஜினசேனரின் அரிவம்ச புராணம் 'தீபாலிகா' என்ற பெயரையே தருகிறது. தமிழ்நாட்டுத் தீபாவளிக்குச் சமணமே மூலம் என்று ஆராய்ச்சி அறிஞர் மயிலை சீனி. வேங்கடசாமி 'சமணமும் தமிழும்' நூலில் எழுதியிருக்கிறார். 959 இல் மற்றொரு சமண ஆசிரியர், சோமதேவ சூரி, தக்காணத்து இராட்டிரகூடர் நாட்டிலே எழுதியபோது தீப விழாவையும் அதற்காக மாளிகைகளுக்கு வெள்ளை பூசுவதையும் குறிப்பிடுகிறார். நம் வீட்டுச் சுவரிலே முந்தாநாள் பூசிய வெள்ளைக்கு ஆயிரம் ஆண்டுப் பழைமை உண்டுதான். ஆனால் அந்தப் பழைமை தக்காணத்துப் பழைமை!

1030 அளவில் அல்பெரூனி என்ற அறிஞர் இந்தியாவைப் பற்றி அரபு மொழியில் ஒரு நூல் எழுதினார். அதிலே 'திபாலி' வருகிறது. மக்கள் நீராடுகிறார்கள், நல்லாடை உடுத்துகிறார்கள், வெற்றிலை பாக்கு வழங்குகிறார்கள், இரவிலே எங்கும் விளக்கேற்றுகிறார்கள் என்கிறார். எதற்காக? அங்கேதான் வியப்பு இருக்கிறது. நரகாசுரனுக்காக என்று அவர் சொல்லவில்லை. இராமன் திரும்பி வந்ததற்காக என்றும் சொல்லவில்லை. பாதாளத்திலே சிறைப்பட்டிருக்கும் மாவலியை ஆண்டுக்கு ஒருநாள் இலக்குமி விடுவிக்கிறாள். அந்த நாள் இது என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்!

மாவலிக்காக என்றால், நரகாசுரன் எங்கே? இராமன் எங்கே? இன்றும் நாடு முழுவதும் சுற்றி வந்து கேட்டுப் பாருங்கள். அயோத்தி வட்டாரத்தில் கேட்டால் இராமன் திரும்பிய நாள் என்பார்கள். வங்கத்தில் கேட்டால் காளி பூசை என்பார்கள். குசராத்து வணிகரைக் கேட்டால் புதுக் கணக்கு எழுதும் நாள் என்பார். மராட்டிய உழவர் குடும்பத்தில் மறுநாள் பலியின் நாள். அந்தப் பலியைத்தான் சோதிராவ் பூலே 1873 இல் 'குலாம்கிரி' நூலிலே உழவர்களின் மன்னனாக எடுத்துக்காட்டினார். சமணர் மகாவீரரை நினைக்கிறார்கள். தமிழ்நாட்டிலே நரகாசுரன் செத்த நாள். நாள் ஒன்று, காரணம் ஆறு! ஒரு வழக்குக்கு ஆறு சாட்சிகள் வந்து ஆறு விதமாகச் சொன்னால் நீதிபதி என்ன நினைப்பார்? மழைக்காலம் முடிந்து, அறுவடை வீடு வந்து, வணிகர் வழி திறந்துகொள்ளும் பருவத்திலே வடபுலத்து மக்கள் இருண்ட இரவில் விளக்கேற்றி மகிழ்ந்திருக்கிறார்கள். அது இயல்பு. பின்னர் ஒவ்வொரு சமயமும் ஒவ்வொரு கதையை அந்த விளக்கின்மேல் ஏற்றி வைத்திருக்கிறது. விளக்கு மக்களுடையது, கதை பிறருடையது.

நம் பகுதிக்கு வந்து சேர்ந்த கதையையும் கொஞ்சம் பார்ப்போம். நரகன் பூமியின் மகன். பன்றி உருவெடுத்த திருமால் அவனுக்குத் தந்தை என்கிறது புராணம். அவன் நாடு பிராக்சோதிடம், இன்றைய அசாம். பாகவதத்திலே கண்ணன் அவனைக் கொல்லுகிற கதை உண்டு. ஆனால் எண்ணெய் முழுக்கும் இனிப்பும் புத்தாடையும் அங்கே இல்லை. அவை பின்னால் ஒட்டப்பட்டவை. போகட்டும். அந்த அசாமிலே வரலாறு என்ன சொல்லுகிறது? 7 ஆம் நூற்றாண்டிலே காமரூபத்தை ஆண்ட பாசுகரவர்மன், அர்ஷரின் நண்பன், சீன யாத்திரிகர் யுவான் சுவாங்கை வரவேற்றவன், தன் செப்பேட்டிலே தன் குலத்து முதல்வன் நரகன் என்று பெருமையோடு பொறித்து வைத்திருக்கிறான்! குவகாத்தியிலே இன்றும் நரகாசுரன் பெயரால் ஒரு குன்று நிற்கிறது. ஒரு மன்னர் குலம் தன் மூதாதை என்று தலைமேல் வைத்துப் போற்றிய பெயரை, பல நூறு கல் தொலைவிலே, அந்த நாட்டைப் பார்த்தறியாத குடும்பம் ஒன்று, "செத்தான், ஒழிந்தான்" என்று விடியற்காலையில் எழுந்து குளித்துக் கொண்டாடுகிறது. யார் அவன், நமக்கு என்ன தீங்கு செய்தான் என்று ஒருவரும் கேட்டதில்லை.

இவ்விழா நம் மண்ணிலே எப்போது கால் ஊன்றியது? விசயநகரப் பேரரசு தெற்கே பரவிய காலத்தையும் அதன்பின் 16 ஆம் நூற்றாண்டில் மதுரையிலும் தஞ்சையிலும் நாயக்கர் ஆட்சி அமைந்த காலத்தையும் அறிஞர் பலர் சுட்டுகிறார்கள். 15 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலே விசயநகரம் வந்த இத்தாலிய வணிகர் நிக்கோலோ கோன்டி, அங்கு நடந்த விழாக்களைச் சொல்லுகிறார். ஒரு விழாவிலே ஆணும் பெண்ணும் ஆற்றிலோ கடலிலோ நீராடிப் புத்தாடை உடுத்தி மூன்று நாள் ஆடிப்பாடி விருந்துண்கிறார்கள். மற்றொன்றிலே கோயிலின் உள்ளும் கூரை மேலும் எண்ணற்ற எண்ணெய் விளக்குகள் இரவும் பகலும் எரிகின்றன. நீராடல், புத்தாடை, விருந்து, விளக்கு ஆகிய நான்கும் அங்கே வெவ்வேறு விழாக்களில் பிரிந்து கிடந்தன. விசயநகர அரசர் காலத்துத் திருமலைக் கல்வெட்டுகளிலோ உகாதியோடு தீபாவளியும் இடம்பெறுகிறது. அரண்மனையின் விழா கோயிலுக்கும், கோயிலின் விழா ஊர்ப் பெரிய வீட்டுக்கும், பெரிய வீட்டின் விழா சிறிய வீட்டுக்கும் இறங்கி வருவது எந்நாட்டிலும் காணப்படும் வழி. தீபாவளியும் அந்தப் படிகளில்தான் இறங்கி வந்திருக்க வேண்டும்.

இனி வீட்டுப் பொருள்களுக்கு வருவோம்.

எண்ணெய்! இது நம்முடையது. எள்ளின் நெய் எண்ணெய், சொல்லே தமிழ். நல்லெண்ணெய் தேய்த்து வெந்நீரில் முழுகுவது வெப்ப நாட்டு மக்களின் உடல்நல வழக்கம். அதற்கு அசுரன் சாக வேண்டியதில்லை. கிழமைதோறும் நடந்த அந்த முழுக்கை ஆண்டுக்கொரு நாள் புண்ணியமாக்கி, அதற்குக் 'கங்கா ஸ்நானம்' என்று பெயர் சூட்டினார்கள். "ஆயிற்றா?" என்று ஒருவரையொருவர் விசாரிக்கவும் செய்கிறார்கள். கிணற்று நீர் அன்று ஒருநாள் கங்கையாகிறதாம்! இதே ஐப்பசியிலே மாயூரம் போய்ப் பாருங்கள். அங்கே காவிரித் துறையிலே துலா முழுக்கு நடக்கிறது. கங்கையே தன் பாவத்தைக் கழுவிக்கொள்ளக் காவிரிக்கு வந்து முழுகுகிறாள் என்பது அவ்வூர்க் கதை. கங்கை காவிரிக்குப் போனாளா, நம் வீட்டுத் தவலைக்கு வந்தாளா? இரண்டு கதையையும் ஒரே வாய் சொல்லுகிறது; ஒரே காது கேட்டுக்கொள்கிறது. கேட்டுக்கொள்ளும் காதுக்குக் கேள்வி கேட்கும் வாய் இல்லாமற் போனதுதான் துயரம்.

அடுத்து, பலகாரத் தட்டு. அதிரசத்துக்கு வயது உண்டு. திருமலைக் கல்வெட்டுகளிலே கோயில் படையலாக அது பேசப்படுகிறது. ஆனால் அதன் பக்கத்தில் இருப்பவர் யார்? அல்வா அரபுச் சொல். ஜிலேபியும் அரபு நாட்டிலிருந்து பாரசீகம் வழியாக நடந்து வந்தது. மைசூர்ப்பாகு, பெயரே சொல்லுவதுபோல, மைசூரிலிருந்து வந்தது. 20 ஆம் நூற்றாண்டில் அரண்மனைச் சமையலறையிலே பிறந்ததாகச் சொல்வார்கள். காரக் கலவையிலே இருக்கும் மிளகாயும் நிலக்கடலையும் அமெரிக்கக் கண்டத்துச் செடிகள். போர்த்துக்கீசியர் கப்பல் வந்த பிறகே இந்நாட்டு மண்ணைக் கண்டவை. பாகு காய்ச்சுகிற வெள்ளைச் சர்க்கரைக்கு நம் பாட்டிமார் 'அஸ்கா' என்பார்கள். கஞ்சம் மாவட்டத்து அஸ்கா என்ற ஊரின் ஆலை தந்த பெயர் அது. நபிகள் பிறந்த நாட்டின் இனிப்பும், கொலம்பசு கண்ட கண்டத்தின் காரமும் ஒரே தட்டில் அமைதியாக வீற்றிருக்கின்றன. இதனை இகழ்ந்து சொல்லவில்லை. மகிழ்ந்தே சொல்லுகிறோம். உலகமே நம் அடுப்பங்கரைக்கு வந்திருக்கிறது. ஆனால் அதை எடுத்து வைத்துக்கொண்டு, "மாறாத மரபு, தொட்டால் குற்றம்" என்று சொன்னால் சிரிப்பு வருமா, வராதா?

பட்டாசைக் கேட்போம். வெடிமருந்து சீனர் கண்டது. 1443 இல் விசயநகரம் வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக், அங்கே மகாநவமி விழாவிலே வாணவேடிக்கை நடந்ததைக் குறிப்பிடுகிறார். புனேயிலுள்ள பண்டார்கர் கீழ்த்திசை ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய அறிஞர் பி. கே. கோடே, இந்தியாவில் வாணவேடிக்கையின் வரலாற்றை 1400 ஆம் ஆண்டிலிருந்துதான் எழுதத் தொடங்கினார். அதற்கு முன்னே எழுதுவதற்கு ஒன்றும் அகப்படவில்லை. அரசர்க்கு மட்டும் உரிய வேடிக்கையாக இருந்தது, வீட்டுப் பிள்ளையின் கைக்கு வந்தது நேற்று. 1922 இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு இளைஞர்கள் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தா சென்றார்கள். மழை பொய்த்த கரிசல் பூமிக்கு அவர்கள் கொண்டுவந்த தொழிலிலிருந்து பட்டாசுத் தொழில் கிளைத்தது. உழைத்து முன்னேறிய அந்த வரலாற்றைக் குறை கூற மாட்டோம். ஆனால் மத்தாப்பின் ஒளியில் இன்னொன்றும் தெரிய வேண்டும். 2012 செப்டம்பர் 5 அன்று, தீபாவளிக்கு இரண்டு திங்கள் இருக்கையில், சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலை வெடித்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் கருகி மாண்டனர். அது முதல் விபத்தும் அன்று, கடைசி விபத்தும் அன்று. 2018 இல் உச்ச நீதிமன்றம் பட்டாசு வெடிக்க நாளுக்கு இரண்டு மணி நேரம் என்று வரையறை செய்தபோது, "பழம்பெரும் மரபில் தலையீடு" என்று சிலர் கொதித்தார்கள். சிவகாசித் தொழிலுக்கு அப்போது நூறாண்டுகூட நிறையவில்லை!

புத்தாடைக்கும் ஒரு சொல். தறியில் உட்கார்ந்திருக்கும் நெசவாளிக்குத் தீபாவளிதான் ஆண்டின் பெரிய சந்தை. 1935 இல் தோன்றிய கைத்தறிக் கூட்டுறவு நிறுவனமான கோ-ஆப்டெக்ஸ் அந்தப் பருவத்தை நம்பித் தள்ளுபடி விற்பனை நடத்துகிறது. தொழிலாளிக்கு அந்த நாளையொட்டியே போனசு வருகிறது. 1965 ஆம் ஆண்டுச் சட்டம் அதனை உரிமையாக்கியது. துணி வேண்டாம், மகிழ்ச்சி வேண்டாம் என்று நாம் சொல்வதில்லை. ஆண்டுக்கொரு முறை புதுத்துணி கண்ட ஏழைக் குழந்தையின் முகத்தைப் பார்த்தவன் எவனும் அப்படிச் சொல்ல மாட்டான். நாம் கேட்பது, அந்தத் துணிக்கு விலை எந்தக் கணக்கிலிருந்து வருகிறது என்பதே. சீட்டுப் பிடித்து, கைமாற்று வாங்கி, இப்போது கடன் அட்டையையும் தேய்த்து, போனசு வருவதற்கு முன்பே அதைத் தின்றுவிட்டு நிற்கிற குடும்பங்கள் எத்தனை! அதிலும் 'தலை தீபாவளி' என்று ஒன்று. பெண்ணைக் கொடுத்த வீடு, கொடுத்தது போதாதென்று மோதிரமும் சங்கிலியும் கைக்கடிகாரமும் மீண்டும் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் மகள் புகுந்த வீட்டிலே குனிந்த தலை நிமிர முடியாது. வரதட்சணைக்கு வட்டி வாங்கும் நாளாக ஒரு விழா இருக்கலாமா?

ஆக, எண்ணெயைத் தவிர, தட்டிலும் பெட்டியிலும் தவலையிலும் கதையிலும் இருப்பவை யாவும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு வாயில் வழியாக வந்தவை என்று கண்டோம். அப்படியானால் தொன்றுதொட்டு மாறாமல் வருவது ஒன்றுமே இல்லையா?

இருக்கிறது. அது அடுப்பின் முன்னே இருக்கிறது. நண்பகலிலிருந்து நள்ளிரவு வரை அனலில் வேகிற தாய் எழுந்திருக்கவில்லை. எல்லாரும் உறங்கிய பின் படுத்து, எல்லாரும் எழுமுன் எழுந்து, தவலைக்கு நெருப்பு மூட்டி, ஒவ்வொரு தலைக்கும் எண்ணெய் வைத்து, கடைசியாகத் தான் குளிக்கிறாள். தனக்கு எடுத்த சேலையை அவள் பிரித்துப் பார்ப்பதற்குள் விழா முடிந்துவிடுகிறது. இலக்குமிக்கும் காளிக்கும் நாள் வைத்தவர்கள், இவளுக்கு ஒரு மணி நேர ஓய்வு வைக்கவில்லை.

அவளுக்கும் பின்னால், சமையற்கட்டின் இருட்டிலே இன்னொருத்தி இருக்கிறாள். கணவனை இழந்த அத்தை. முறுக்கு மாவு பிசைந்தது அவள் கை. பாகின் பதம் பார்த்தது அவள் கண். பிள்ளைகளைத் தோளிலே தூக்கி வளர்த்தவள் அவள். ஆனால் விடியற்காலையில் தலைக்கு எண்ணெய் வைக்கும்போது மட்டும் அவள் முன்னே வரக் கூடாது. அவள் கை பட்டால் ஆகாதாம். அவள் சுட்ட பலகாரம் ஆகும், அவள் தொட்ட எண்ணெய் ஆகாது! 1856 இலேயே இந்நாட்டில் கைம்பெண் மறுமணச் சட்டம் வந்துவிட்டது. அவள் மீண்டும் மணமகளாகலாம் என்று சட்டம் சொல்லி ஒன்றரை நூற்றாண்டு கடந்துவிட்டது. எத்தனையோ வீடுகளில் அந்த எண்ணெய்க் கிண்ணம் மட்டும் இன்னும் அவள் கைக்கு வந்து சேரவில்லை. நரகாசுரன் கதை பொய் என்று மேடையில் முழங்குவது எளிது. அந்தக் கதை உண்மையாக இருந்தாலும் பொய்யாக இருந்தாலும் அந்த அத்தைக்கு என்ன? அவள் நிற்கும் இருட்டு கதையல்லவே!

இளைஞர்களே! இதனால்தான் வரலாற்றைப் படிக்கச் சொல்லுகிறோம். அறிவு காட்டிப் பாட்டியை மடக்குவதற்காக அன்று. எண்ணெய்ச் சட்டியின் எதிரே வெந்துகொண்டிருக்கும் தாயிடம் அல்பெரூனியைப் பற்றிச் சொற்பொழிவு நிகழ்த்துபவன் பகுத்தறிவாளன் ஆகான். அந்தக் கரண்டியை வாங்கிக்கொள்பவனே ஆவான். வரலாறு நமக்குச் சொல்லும் பாடம் ஒன்றே. இந்த விழாவை எந்தத் தெய்வமும் கட்டி இறக்கவில்லை. மனிதர்கள் சேர்த்தார்கள். மன்னர் விளக்கைச் சேர்த்தார். புராணிகர் கதையைச் சேர்த்தார். வணிகர் சர்க்கரையையும் சீட்டையும் சேர்த்தார். நேற்றைய தலைமுறை பட்டாசைச் சேர்த்தது. சேர்த்தவர்கள் ஒருவரிடமும் அனுமதி கேட்கவில்லை. சேர்க்க அவர்களுக்கு உரிமை இருந்ததென்றால், நீக்க நமக்கு உரிமை இல்லையா?

கொண்டாடுவதும் கொண்டாடாமல் விடுவதும் அவரவர் அறிவின் முடிவு. ஆனால் எந்த வீட்டிலும் இவை நடக்கலாம். தந்தையின் காகிதத்தைப் பையிலிருந்து எடுத்துப் பிரித்து, மோதிரத்தை முதலில் அடித்துவிடலாம். மருமகனாகப் போகிறவர்கள் தாமே முன்வந்து, "எனக்கு ஒன்றும் வேண்டாம்" என்று எழுதி அனுப்பலாம். ஒரு கொலையை நினைத்து மகிழும் கதையைக் குழந்தைகளுக்குச் சொல்லாமல், விளக்கும் இனிப்பும் எந்தெந்த நாட்டு மக்கள் தந்தவை என்று சொல்லலாம். அடுப்பின் முன்னே ஆண்மக்களும் உட்காரலாம்.

பொழுது விடிவதற்கு முன் மனைப்பலகையில் போய் உட்காருகிற மாணவத் தோழன் எவனாயினும் அவனுக்கு ஒன்று சொல்வோம். எண்ணெய்க் கிண்ணத்தை எடு. சமையற்கட்டின் பக்கம் திரும்பு. "அத்தை, நீங்கள் வந்து வையுங்கள்" என்று கூப்பிடு. பாட்டி திடுக்கிடுவாள், தாய் உன் முகத்தைப் பார்ப்பாள், கூடம் ஒரு கணம் வாயடைத்து நிற்கும். நிற்கட்டும். அவள் வந்து உன் தலையிலே கை வைக்கும் வரை நீ எழுந்திருக்காதே. இது தொன்றுதொட்டு நடப்பது அன்றுதான். நடக்கத் தொடங்கட்டும், அடுத்த தலைமுறைக்கு இதுவும் தொன்றுதொட்டு ஆகிவிடும்.